நம் கணக்கை நாமே எழுதும்போது



தன் சரித்திரத்தைத் தானே எழுதுவது, கணக்கு எழுதுபவரும் கணக்குப் பார்ப்பவரும் ஒருவராகவே இருப்பதைப் போன்றது. வரவு ஒன்று விடாமல் ஏறும். பற்றில் சில விடுபட்டுப் போகும். அப்படியானால் எந்தச் சுயசரிதத்தை நம்புவது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நூல் ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இமாமவர்கள் தமது பிற்காலத்தில் எழுதிய 'அல்-முன்கித் மினள் ளலால்' என்னும் நூலில் தம் வாழ்க்கையைத் தாமே கூறுகிறார்கள். 1091-ல் பகுதாது நிஜாமிய்யா மதரஸாவின் ஆசிரியப் பதவியை ஏற்றார்கள். 300 மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். புகழ் உச்சத்தில் இருந்த வேளையில், 1095-ல், எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். ஏன்? தாம் போதித்தது அல்லாஹ்வுக்காக அன்று, பேரையும் பதவியையும் நாடியே என்பதைத் தம் உள்ளத்தைத் துருவிக் கண்டதாக எழுதுகிறார்கள். மக்காவுக்குப் போவதாக ஊராரிடம் சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஷாம் நாட்டுக்குப் போகவே எண்ணியிருந்ததையும் மறைக்கவில்லை.

இவ்விரண்டுக்கும் சாட்சி யார்? ஒருவருமில்லை. அவர்களே எழுதியிராவிட்டால் உலகம் அறிந்திராது. சாட்சியில்லாத குற்றத்தைத் தன் பற்றில் தானே எழுதுகிறானா என்பதே உரைகல்.

இமாமவர்கள் நியாயமும் சொல்கிறார்கள். 1106-ல் நைஸாப்பூரில் மீண்டும் போதிக்கத் தொடங்கியதற்கு, முன்பு போதித்தது பதவியைத் தேடித் தரும் கல்வி, இப்போது போதிப்பது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வி என்பது அவர்கள் கூறும் காரணம். நியாயம் சொல்வது பிழையன்று. குற்றத்தைப் பேரேட்டில் ஏற்றிவிட்டு நியாயம் சொல்வது வேறு. ஏற்றாமலிருப்பதற்காக நியாயம் தேடுவது வேறு. சிறு குற்றத்தைச் சொல்லிப் பெருங் குற்றத்தை மறைப்பவரும் உண்டு. விலையில் கழிவு கொடுத்து நிறையில் பிடித்துக்கொள்ளும் வியாபாரம் அது!

நாமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் கூட்டுக்கடை பிரிந்தபோது, கூட்டாளி அளவின்றிக் கடன் கொடுத்ததையே ஊரெல்லாம் சொன்னோம். பெருநாள் விற்பனைப் பணத்தில் ஒரு பகுதியை அவருக்குச் சொல்லாமல் எடுத்து ஊருக்கு அனுப்பியதைச் சொன்னதில்லை. பிறகு திருப்பி வைத்துவிட்டோமே என்பது நம் நியாயம். சொல்லிச் சொல்லி, நம் கதையை நாமே நம்பிவிட்டோம்.

இந்நூலைப் பள்ளிவாசலில் ஓர் ஆலிமிடம் பாடமாகக் கேட்ட இரவு உறக்கம் வரவில்லை. மறுநாளே கூட்டாளியின் வீட்டுக்குச் சென்று உள்ளதைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அன்றே தெரியும், தம்பி" என்றார்.

சகோதரர்களே! சுயசரிதம் எழுதுவோர் நம்மில் சிலரே. தன் கதையைச் சொல்லாதவர் யார்? இரவு கல்லாவை எண்ணும்போது இதையும் கேட்டுக்கொள்வோம்: இன்று நாம் சொன்ன கதையில், நம் பற்றில் எழுதாமல் விட்டது எது?

வஸ்ஸலாம்.