குளத்தங்கரையில் மாணாக்கர் பயிற்சி

விவசாயக் கல்வியானது ஏட்டுப் படிப்போடு நின்றுவிடின் பயன் குறையும். 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறிய விவசாயக் கல்வி, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக விரிந்தது. தென் ஜில்லாக்களுக்கென வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் 1984-இல் ஒரு கல்லூரி நிறுவப்பட்டது. இத்தகைய கல்லூரிகளின் இறுதியாண்டு மாணாக்கர், பட்டம் பெறுமுன் கிராமத்தில் தங்கிக் குடியானவருடன் வேலை செய்து பழக வேண்டுமென்பது ஏற்பாடு. இந்திய சர்க்கார் 2015-இல் இவ்வகைப் பயிற்சிகளை ஒரே திட்டத்தில் அடக்கினர். இப்பயிற்சியில் ஆசிரியர் பாதி, நிலமுடையோர் பாதி என்பதை அறிவது அவசியம்.

தென்காசிச் சீமையின் தகுதி

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு, அருவியாய் விழுந்து, அணைக்கட்டுகளாலும் கால்களாலும் பல குளங்களை நிரப்பி, சீவலப்பேரி அருகில் தாமிரவருணியுடன் கலக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையால் கார் சாகுபடியும், ஐப்பசி முதல் வடகிழக்கு மழையால் பிசான சாகுபடியும் நடைபெறுகின்றன. காடு, அருவி, ஆறு, கால், குளம், வயல் என்னும் தொடர்ச்சி முழுவதையும் ஒரே நாளில் மாணாக்கர் நடந்தே காணலாம். மலையில் மரம் குறைந்தால் குளத்தில் வண்டல் மிகும் என்னும் பாடம் இங்கே கண்கூடு.

கற்பிக்கத்தக்க செய்முறைகள்

1. மழையளவு. மழைமானியை வெட்டவெளியில் வைத்து நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து குறிக்க வேண்டும். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை ஏறத்தாழ 4,000 லிட்டர் நீராகும். இக்கணக்கைத் தெரிந்த மாணாக்கன், 25 மில்லிமீட்டர் பெய்த மறுநாள் மடையை அவசரமாகத் திறக்கச் சொல்லமாட்டான்.

2. மண் மாதிரி. நெல் வயலில் பல இடங்களில் ஆங்கில 'வி' எழுத்தின் வடிவாக 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, அரைக் கிலோ எஞ்சும் வரை இவ்வாறு செய்தல் முறை. வரப்போரத்திலும் எருக்குவியலருகிலும் எடுத்த மண் பொய்யான முடிவைத் தரும்.

3. குளத்துப் பறவைகள். மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் 2011 முதல் தாமிரவருணிப் பகுதிக் குளங்களில் தொண்டர்களைக் கொண்டு நீர்ப்பறவைக் கணக்கெடுத்து வருகின்றனர். மாணாக்கர் பலர் இதில் பழகுகின்றனர். தை மாதத்தில் வலசைப் பறவைகளும் தங்கியிருக்கும். ஆண்டுதோறும் அதே கரையிலிருந்து அதே நேரத்தில் எண்ணினால்தான் ஓராண்டை மற்றோராண்டுடன் ஒப்பிடலாம். பறவை குறைந்த குளத்தில் நீர், மீன், கரை மரம் ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும்.

4. ஊர் வரைபடம். வரத்துக்கால், மடை, மறுகால் ஆகியவற்றை மாணாக்கர் நடந்து பார்த்து வரைதல் வேண்டும். பின்னர் அதனைப் புலப்படத்தோடு ஒப்பிட்டால், தூர்ந்த கால்களும் ஆக்கிரமித்த இடங்களும் தாமே விளங்கும்.

நிலமுடையோரும் கிராம அலுவலரும் செய்யத்தக்கவை

எந்த மடையை எப்போது எவ்வளவு திறப்பது, எந்த வயலுக்கு முதல் நீர் என்பன பெரும்பாலும் முதியோர் நினைவிலேயே உள்ளன. அவர்கள் மறைந்தபின் இவ்வறிவை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது. ஆதலின் மாணாக்கனை வரப்பில் நிறுத்தி உபசரித்து அனுப்புவது போதாது. அவனைச் சேற்றில் இறக்கி நாற்று நடவும், மடைப்பலகை தூக்கவும் செய்ய வேண்டும். நட்டம் வந்த சாகுபடியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நல்ல விளைச்சலை மட்டும் கேட்டுச் செல்பவன் நாளை அலுவலனாகி வரும்போது தவறான யோசனை கூறுவான்.

கிராம நிர்வாக அலுவலர் அடங்கலைக் காட்டி, அதில் எழுதிய பயிரும் வயலில் நிற்கும் பயிரும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கப் பழக்கலாம். மாணாக்கர் எழுதும் அறிக்கை, வரைபடம் ஆகியவற்றின் பிரதி ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் கட்டாயம் வைக்கப்பட வேண்டும். கல்லூரி அலமாரியில் மட்டும் தங்கும் அறிக்கையால் ஊருக்குப் பிரயோசனமில்லை.

எச்சரிக்கை

மலையில் பெய்யும் மழை அடிவாரத்திலிருப்போர்க்குத் தெரியாது. 2024 மே 17-இல் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளத்தால் பள்ளி மாணவன் ஒருவன் உயிரிழந்தான். நீர்நிலைக்குச் செல்லும்போது ஊர் நிலவரம் அறிந்த ஒருவர் உடனிருத்தல் வேண்டும். மலையில் மேகம் கறுத்தாலும் நீர் கலங்கினாலும் உடனே கரையேற வேண்டும். காட்டினுள் செல்ல வனத்துறையின் அனுமதி இன்றியமையாதது.

பயிற்சிக்கு வருவோரை விருந்தாளியாகக் கருதாமல், ஒரு பருவத்துக்கு வேலை கற்க வந்த பிள்ளையாகக் கருதும் ஊரில், குளத்தின் கணக்கு அடுத்த தலைமுறைக்கும் எழுத்தில் நிற்கும்.