முகப்பைக் கடைசியில் வரையுங்கள்

மனையளவு, திசை, தெரு, பக்கத்து வீட்டுச் சுவர், விடவேண்டிய காலியிடம் எல்லாவற்றையும் 1:100 அளவில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்து மூன்று பிளான் போடுங்கள். மாடிப்படி ஒன்றில் நடுவில், ஒன்றில் ஓரத்தில், இன்னொன்றில் முற்றத்தை ஒட்டி என மூன்றும் அடிப்படையிலேயே மாறுபட வேண்டும். கதவை நகர்த்தியதெல்லாம் வேறு யோசனை ஆகாது. தடித்த பென்சில்தான் பிடிக்க வேண்டும். மெல்லிய கோடு நுணுக்கத்துக்குள் இழுத்துவிடும்.

பலரும் தடுமாறுவது தேர்ந்தெடுக்கும்போதுதான். எலிவேஷன் எதில் அழகாக வந்ததோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டின் குறையோ செக்‌ஷனில்தான் தெரியும். ஆகவே மூன்றுக்கும் மாடிப்படி வழியாக வெட்டி செக்‌ஷன் போடுங்கள். தளத்துக்குத் தளம் 10 அடி, படி உயரம் 6 அங்குலம் என்றால் 20 ஏற்றம். இரண்டாக மடித்தாலும், 10 அங்குல மிதிப்படிகளும் 3 அடித் திரும்புமேடையுமாகப் பத்தரை அடி நீளம் கேட்கும். 30-க்கு 40 மனையில் இதற்கு இடம் தராத பிளானை அப்போதே ஒதுக்கிவிடலாம். அடுத்தது வெயில். மேற்குச் சுவருக்கு நேரே சூரியன் 45 பாகைக்கு இறங்கியதும், 2 அடி சன்ஷேடு 2 அடி நிழல்தான் தரும். பொழுது சாயச் சாய அதுவும் சுருங்கும். மேற்கில் படுக்கையறை வைத்த பிளானை சன்ஷேடு காப்பாற்றாது. அங்கே மாடிப்படியையோ குளியலறையையோ தள்ளுங்கள். மதிப்பெண் அட்டவணை மட்டும் வேண்டாம். கூட்டிப் பார்த்தால் ஒரு பெரிய குறையை நாலு சின்ன நிறைகள் மறைத்துவிடும்.

இவ்வளவு கறாராகச் சலித்தால் சிட்னி ஓபரா ஹவுஸ் பிறந்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1957-ல் போட்டியில் வென்ற யோர்ன் உட்சனின் ஓவியத்தில் அந்தக் கூரைகளுக்குத் திட்டமான வடிவக்கணிதம் கிடையாது. அவற்றை ஒரே கோளத்தின் துண்டுகளாகச் செய்யலாம் என்ற தீர்வு 1961 வாக்கில்தான் வந்தது. கட்டுமானம் 1959-லேயே தொடங்கியிருந்தது. கூரையின் பாரத்துக்குப் போதாத தூண்களைப் பிறகு உடைத்துக் கட்ட நேர்ந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்ற மதிப்பீடு, 1973-ல் திறப்பதற்குள் 10 கோடியைத் தாண்டியது. துணிச்சலான யோசனையை வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடினமான கேள்விக்கு மட்டும் அஸ்திவாரம் தோண்டுமுன் விடை காணுங்கள்.

சோதனையில் தேறிய பிளானுக்கு இப்போது முகப்பு வரையலாம். மற்ற இரண்டு தாள்களையும் தேதி போட்டு வைத்திருங்கள். வீட்டுக்காரர் மனம் மாறும்போது தேவைப்படும்.