பிரம்பும் வாய்ப்பாடும்: பிள்ளை வளர்ப்பில் சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நெருங்கி நிற்கும் நம் கரையோர ஊர்களில், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை அண்மிக்கும் மாதங்களில், மஃரிபுக்குப் பின் ஒழுங்கை வழியே நடந்து செல்பவருக்கு, வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையின் குரலும், அது தடுமாறும்போது பாயின் விளிம்பில் பிரம்பு படும் ஓசையும், "வாப்பா வரட்டும்" என்னும் உம்மாவின் எச்சரிக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்.

அடித்து வளர்த்த பிள்ளைதான் உருப்படும் என்பது இவற்றுக்கெல்லாம் மூலமான நம்பிக்கை. அடி அந்தக் கணத்தில் பிள்ளையை அடக்கிவிடுவதை நாம் கண்ணாரக் காண்பதால் இந்தப் பிரமை எளிதில் நீங்குவதில்லை. ஆயினும், ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஐம்பதாண்டுகளில் நிகழ்ந்த ஆய்வுகளை கெர்ஷோஃப், குரோகன்-கெய்லர் என்னும் இருவர் தொகுத்து 2016இல் வெளியிட்டபோது, அடிபடும் பிள்ளைகளிடம் முரண்டும் மனக்கஷ்டமும் மிகுந்திருந்தனவேயன்றிக் கீழ்ப்படிவு மிகுந்திருக்கவில்லை. புள்ளி குறைந்த வினாத்தாளைப் புத்தகப் பையின் அடியில் மடித்து ஒளிக்கும் சாமர்த்தியம் ஒன்றைத்தான் பிரம்பு நிச்சயமாகக் கற்பிக்கிறது.

அடியாமல் வளர்ப்பது மேனாட்டு நாகரிகம், நம் மார்க்கத்துக்கு அந்நியம் என்பது அடுத்த அபிப்பிராயம். பள்ளிவாசல் நிறைந்த ஊரில் இதைக் கேட்க எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. ஸுஜூதில் இருக்கையில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அதன் விளையாட்டு முடியும்வரை தலையை உயர்த்தாதிருந்தவரும், குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கியவரும், பத்துப் பிள்ளைகளில் ஒருவரையேனும் முத்தமிட்டதில்லை என்ற கோத்திரத் தலைவரைக் கண்டித்தவரும் நபி (ஸல்) அவர்களே. பத்து வயதில் அடிப்பதைக் குறித்த ஹதீஸைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அது தொழுகையைப் பற்றியது, வாய்ப்பாட்டைப் பற்றியதன்று என்பதையும், காயம் படலாகாது, முகத்தில் அடிக்கலாகாது என்று அறிஞர்கள் இட்ட வரம்புகளையும் அவர்கள் சொல்வதில்லை.

உம்மம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவாள் என்பர். மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் நம் சம்பிரதாயத்தில், சினம் மேலிட்ட தாய் பிள்ளையைச் சற்று நேரம் ஒப்படைத்துவிட்டு அப்பால் போய் மனம் ஆற, உம்மம்மாவோ சாச்சியோ பக்கத்திலேயே இருப்பது பெரும் பாக்கியம். தாய் மத்திய கிழக்குக்குப் போன வீடுகளிலோ அந்த உம்மம்மாதான் எல்லாம். உம்மா மறுத்ததை உம்மம்மா கொடுக்காதிருக்கப் பெரியவர்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டால் போதும். பிள்ளையோடு விளையாடும் வாப்பாவுக்கு மதிப்புக் குறையும் என்பதற்கோ, ஸுஜூதில் பேரப்பிள்ளைக்காகக் காத்திருந்த நபியவர்களை நினைத்தால், பதிலே வேண்டியதில்லை.

"கண்ணை விட்டுவிட்டு அடியுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லும் பழக்கமும் இனி ஆகாது. கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் பாடசாலையில் உடல் தண்டனையைத் தடுக்கிறது. ஆசிரியரின் அறையால் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறலென 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் விதித்தது.

இன்றிரவு வாய்ப்பாடு தவறினால், பிரம்பைத் தேடாமல், தவறிய அந்த ஒரு வரியை மட்டும் பிள்ளையோடு அமர்ந்து மும்முறை சொல்லிப் பாருங்கள். அயல்வீட்டில் ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதை அறிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அறிவிக்கலாம்.