தொழில் விண்ணப்பமும் தகைமை விபரமும்

ஒரு வெற்றிடத்துக்கு விளம்பரம் வந்தால் சில வேளைகளில் நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கின்றனர். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படுபவர்களோ ஒரு சிலரே. அழைக்கப்படாத எல்லோரும் தகுதியற்றவர்கள் அல்லர்; தம்மிடமுள்ள தகுதியை எழுதத் தெரியாதவர்களும் அவர்களுள் உளர். தெரிவுக் குழுவில் சில தடவைகள் அமர்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கின்றேன். கட்டுக்கட்டாகக் கிடக்கும் விண்ணப்பங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கிடைப்பதே அரிது.

ஓவியர் லியனார்டோ டா வின்சி 1482 அளவில் மிலான் நகரை ஆண்ட லுதோவிக்கோ ஸ்போர்சாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் உள்ளது. போர் மூளும் காலம் அது. எனவே இலேசான பாலங்கள், சுரங்க வழிகள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று ஆட்சியாளருக்கு எது தேவையோ அதையே அவர் இலக்கமிட்டு முன்வைத்தார். சமாதான காலத்தில் கட்டடம், சிற்பம், ஓவியம் ஆகியனவும் தமக்குக் கைவரும் என்பது கடைசியில்தான் வருகின்றது. ஐயமிருந்தால் செய்து காட்டவும் தயார் என்றார். பின்னர் அதே ஸ்போர்சாவின் பணிப்பில்தான் மிலான் துறவற மடமொன்றின் உணவறைச் சுவரில் ‘இறுதி இராவுணவு’ ஓவியம் தீட்டப்பட்டது என்பது வேறு கதை.

ஆகவே, எழுத உட்காருமுன் விளம்பரத்தைப் பென்சிலும் கையுமாக வாசியுங்கள். கேட்டிருப்பது கணக்குப் பதிவா, கணினி அறிவா, சிங்களத்தில் உரையாடும் ஆற்றலா? அதற்கு உங்களிடமுள்ளதை முதற் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரே தாளை இருபது பிரதி எடுத்து இருபது இடங்களுக்கு அனுப்புவது தபாற் செலவு மாத்திரமே.

“அனுபவம் இல்லை” என்பது நம் பிள்ளைகள் எல்லோரும் சொல்வது. அப்படியா? வின்சென்ட் தே போல் சபையில் இரண்டு வருடம் பொருளாளராக இருந்து, வரவு செலவை மாதந்தோறும் எழுதி, ஆண்டிறுதியில் கணக்காய்வுக்குக் கொடுத்தவனுக்கு அனுபவம் இல்லையா? மரியாயின் சேனையில் கூட்டக் குறிப்பு எழுதியவள் செயலாளர் வேலை செய்தவள்தான். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் முப்பது சிறுவரை அடக்கிப் படிப்பித்தவருக்கு வகுப்பறை புதிதல்ல. ஆனால் “சமய சமூகப் பணிகளில் ஈடுபாடு” என்று ஒரு வரியில் எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. எந்தச் சபை, எந்தப் பொறுப்பு, எத்தனை ஆண்டு, என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும்.

இன்னொன்று, நம்மவர்க்கே உரிய துன்பம். ஒரு பெண்ணின் விபரத்தாளில் 2008 முதல் 2010 வரை ஒன்றுமே இல்லை. குழுவில் ஒருவர் அதைக் குறையாகச் சுட்டினார். அழைத்துக் கேட்டபோதுதான், இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலம் அதுவென்றும், அங்கே சிறு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தாரென்றும் தெரிய வந்தது. எழுத வெட்கப்பட்டாராம்! “இடம்பெயர்வினால் கல்வி தடைப்பட்டது, முகாமில் சிறுவர்க்குத் தொண்டராகக் கற்பித்தேன்” என்ற இரண்டு வரி போதுமாயிருந்தது. இரக்கம் தேடி நீட்டி எழுத வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். சான்றிதழ் தொலைந்தவர்கள் பரீட்சைத் திணைக்களத்தில் உறுதிப்படுத்திய பெறுபேற்றைப் பெறலாம்.

இல்லாததை எழுதுவது எட்டாம் கட்டளைக்கு விரோதம் என்பது ஒருபுறமிருக்க, அது மேசை முன்னே நிற்காது. சாதாரண சித்தியைத் திறமைச் சித்தி என்று எழுதியவர், மூலச் சான்றிதழை விரித்தபோது தலை குனிந்ததைக் கண்டிருக்கிறேன்.

நற்சான்று தருபவர்களாக உறவினரல்லாத இருவரைக் குறிப்பிடுவது வழக்கம். பங்குத் தந்தையையோ அதிபரையோ போடலாம், ஆனால் முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். கேளாமல் பெயரைப் போட்டு, தொலைபேசியில் விசாரித்தபோது “யாரந்தப் பிள்ளை?” என்று சுவாமியே திகைத்த சம்பவமும் உண்டு. புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் பெபேயா என்னும் சகோதரிக்காகப் பரிந்து எழுதுவதைப் பாருங்கள். அவள் எந்தச் சபையில் பணியாற்றுபவள், யாருக்கு உதவியவள் என்று விபரம் தருகிறார். தெரிந்தவர் எழுதும் சான்று அப்படித்தான் இருக்கும்.

வர்த்தமானியில் மாதிரிப் படிவம் இருந்தால் அதே ஒழுங்கில் எழுதுங்கள். கேட்டிருந்தால் உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை இடுங்கள். மூலப் பத்திரங்களை அனுப்பாமல் பிரதிகளையே அனுப்புங்கள். மின்னஞ்சலாயின் விளையாட்டுப் பெயருள்ள முகவரியைத் தவிருங்கள். இரண்டு பக்கத்துக்குள் முடித்து, எழுத்துப் பிழையை வேறொருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். அனுப்பியதில் ஒரு பிரதியை வீட்டில் வைத்திருங்கள். அழைப்புக் கடிதம் மாதக் கணக்கிற் பிந்தி வரும்போது, என்ன எழுதினோம் என்பதே பலருக்கு மறந்துபோகின்றது.