நீட் எழுதப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

தெரியாத கேள்வியில் மார்க் போனால் போகட்டும். நன்றாகத் தெரிந்ததில் கோட்டை விட்டுவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பாடத்தை உன் டீச்சர் பார்த்துக்கொள்வார். ஹாலில் இருக்கும் மூணு மணி நேரத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

1. பயாலஜியில் ஆரம்பி. மொத்தம் 180 கேள்வி, 180 நிமிஷம். அதில் பாதி, 90 கேள்வி, பயாலஜிதான். கணக்கு அதிகம் இல்லாததால் 50 நிமிஷத்தில் முடித்துவிடலாம். கெமிஸ்ட்ரிக்கு ஒரு 50. மிச்சம் பிசிக்ஸுக்கும் சரிபார்க்கவும். பிசிக்ஸை முதலில் எடுத்து, ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டு, கை நடுங்க பயாலஜிக்கு வராதே. சாய்ஸும் கூடுதல் 20 நிமிஷமும் 2025-லேயே போய்விட்டன. சீனியர் சொல்லும் பழைய டைம் கணக்கு உனக்கு ஆகாது.

2. ஒரு கேள்வி ஒரு நிமிஷத்துக்கு மேல் இழுத்தால் கேள்வித்தாளில் அதற்கு வட்டம் போட்டுவிட்டு நகரு. அதுவும் நாலு மார்க்தான், அடுத்ததும் நாலு மார்க்தான். அதோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய்?

3. ஓஎம்ஆர் ஷீட்டைக் கடைசிப் பத்து நிமிஷத்துக்குத் தள்ளிப்போடாதே. ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை நிரப்பிவிடு. 37-ஐ விட்டிருப்பாய்; அவசரத்தில் 38-இன் விடையை 37-இல் நிரப்புவாய்; அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரி தள்ளிப் போகும். பால்பாயின்ட் பேனா, அழிக்க முடியாது. ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் நிரப்பினாலும் தப்புதான், மைனஸ் ஒன்று. அதனால் ஒவ்வொரு தடவையும் கேள்வி எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நிரப்பு.

4. நாலு விடையில் இரண்டு நிச்சயம் தப்பு என்று தெரிந்தால், மிச்சத்தில் ஒன்றைத் துணிந்து போடு. எதுவுமே பிடிபடவில்லையா, விட்டுவிடு. பொருத்துக கேள்வியில் உறுதியாகத் தெரிந்த ஒரு ஜோடி போதும், பாதி விடைகள் கழிந்துவிடும். ‘தவறான கூற்று எது’ என்று இருந்தால் ‘தவறான’ என்பதன் கீழே கோடு போடு. அவசரத்தில் சரியான கூற்றைத் தேடித்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

5. தமிழில் எழுதுகிறாயா? தாளில் ஆங்கிலக் கேள்வியும் பக்கத்திலேயே இருக்கும். வாக்கியம் இடித்தால் உடனே அதைப் பார். சந்தேகம் வந்தால் அதுதான் செல்லும். 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் தரச் சொல்லியும் உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. பிள்ளைகள் பாவம்! அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பார்த்து வை.

6. பரீட்சை 2 மணிக்கு, கேட் 1.30-க்கே மூடிவிடும். அரைக்கை சட்டையும் செருப்பும் போதும். தோடு, செயின், வாட்ச் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பேனாவை அங்கேயே தருவார்கள். ஹால் டிக்கெட்டில் போட்டோவை முதல் நாளே ஒட்டிவிடு. மதியம் பிரியாணி வேண்டாம், தூக்கம் சொக்கும்.

7. மாடல் டெஸ்ட்டை ராத்திரியில் எழுதாதே. ஓஎம்ஆர் ஷீட் பிரின்ட் எடுத்து, மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து, 5 மணி வரை எழுந்திருக்காமல் எழுது. மதியம் தூங்கிப் பழகிய உடம்பு இதற்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கு.