மூன்று வாரத்து மூக்கு

கேள்வி: விபத்தில் உடைந்த அண்ணனின் மூக்கு முதல் அறுவையில் நேராகவில்லை. காதுக் குருத்தெலும்பு வைத்து மறுபடி செய்து மூன்று வாரம் ஆகிறது. நுனி உருண்டையாகத் தடித்திருக்கிறது. இதுவும் கெட்டுவிட்டதா?
- வாசகி, கடத்தூர்

பதில்: மூன்றாம் வாரத்தில் தீர்ப்பு எழுதுவது அவசரம். ஏற்கெனவே தழும்பு கட்டிய இடத்தில் மறுபடி கத்தி பட்டிருப்பதால் வீக்கம் மெதுவாகவே இறங்கும். கண்ணைச் சுற்றிய நீலம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் போய்விடும். நுனி கடைசியில்தான் வடியும். முதல் அறுவைக்கு ஓராண்டு என்றால், மறு அறுவைக்கு ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். தடித்த தோல் என்றால் இன்னும் தாமதம். காலையில் ஊதி மாலையில் வற்றுவதும், ஒரு பக்கம் மட்டும் பெருத்திருப்பதும், நுனி மரத்திருப்பதும் வழக்கம்தான். அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு எண்ணெய் போட்டு நீவ மட்டும் வேண்டாம்.

காத்திருந்து மூக்கு பெற்ற பழைய கதை ஒன்று உங்கள் பக்கத்து வரலாற்றோடு சேர்ந்தது. தர்மபுரி அடங்கிய பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு மாறியது 1792-ல். அந்த மாற்றத்துக்குக் காரணமான மைசூர்ப் போரில்தான் ஆங்கிலப் படையின் மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜி திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கை இழந்தார். ஓராண்டுக்கு மேல் அப்படியே இருந்தார். பிறகு புனேப் பக்கத்துக் கைதேர்ந்தவர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு அமைத்தார். 1794-ல் லண்டன் இதழொன்றில் வந்த இந்தச் செய்திதான், 1814-ல் அங்கே கார்ப்யூ என்ற மருத்துவர் அதே முறையைக் கையாளத் தூண்டியது.

அண்ணனுக்குக் காய்ச்சல், ஏறிக்கொண்டே போகும் வலி, சீழ், தோல் கறுப்பது, நிற்காத ரத்தம் என்றால் காத்திருக்கக் கூடாது. அறுவை செய்தவரிடம் அன்றே போக வேண்டும். முடியாவிட்டால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு.