பின்பார்வைக் கேமராவைத் தேர்ந்தெடுத்தல்

காரைப் பின்னோக்கிச் செலுத்தும் ஓட்டுநருக்கு மூன்று கண்ணாடிகள் துணை நிற்கின்றன. எனினும், வண்டியின் பின்புறத்தை ஒட்டி நிற்கும் சிறு குழந்தையை அவை காட்டுவதில்லை. இக்குறையைப் போக்குவதே பின்பார்வைக் கேமரா. அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்கள் அனைத்திலும் இது கட்டாயம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் பார்க்கிங் சென்சார் கட்டாயமாயிற்று. பழைய கார் வைத்திருப்போர் கேமராவைத் தாமே வாங்கிப் பொருத்த வேண்டும். அதற்குக் கருத வேண்டியவை நான்கு.

முதலாவது, பார்வைக் கோணம். கோணம் விரிந்தால் பக்கங்களும் தெரியும். ஆனால் பொருள்கள் உள்ளதைவிடத் தொலைவில் இருப்பனபோல் தோன்றும்.

இரண்டாவது, காப்பு. திண்டுக்கல் சமவெளியின் செம்மண் புழுதியையும் ஐப்பசி மழையையும் கேமரா தாங்க வேண்டும். ‘ஐ.பி. 67’ என்னும் குறியில் 6 என்பது தூசி புகாமையையும், 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதையும் உணர்த்தும்.

மூன்றாவது, இரவில் காட்டும் தெளிவு. இதனை இருட்டில் சோதித்தே வாங்குதல் நலம்.

நான்காவது, படத்தின் திசை. கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால்தான் ஸ்டியரிங்கைத் திருப்புவதில் குழப்பம் நேராது.

மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் வீட்டு வாசலே குழந்தைகளின் விளையாட்டுக் களம். ஆகவே லென்சைத் துடைத்து, வண்டியின் பின்னால் ஒருமுறை நடந்து பார்த்த பின்னரே ரிவர்ஸ் கியரைத் தொடுவோமாக!